பிஸ்கட் டின்னில் ஏழாவது கடிதம்

முப்பத்தொரு வருஷம் கப்பலில் சமைத்தவர் என்று கேள்விப்பட்டு அவரைப் பார்க்க வருகிறவர்கள் புயல், திமிங்கிலம், கொள்ளைக்காரர்கள் என்று ஏதாவது எதிர்பார்த்துக்கொண்டு வருவார்கள். அவர் வெங்காயத்தைப் பற்றிப் பேசுவார். ஒரு மூட்டை வெங்காயம் இருபத்தெட்டு பேருக்கு எத்தனை நாள் வரும், எத்தனையாவது நாள் முளைவிடும், முளைவிட்டதை யார் கண்ணிலும் படாமல் சட்டிக்குள் எப்படித் தள்ளுவது என்பதெல்லாம் விலாவாரியாக வரும்.

"கடலைப் பத்தி எனக்கு என்னங்க தெரியும்? நான் பார்த்ததெல்லாம் அடுப்புக்கு மேல இருந்த வட்ட ஜன்னல்தான். அதுலயும் பாதி நாள் எண்ணெய்ப் பிசுக்கு," என்பார்.

கப்பலில் அவருக்குப் பெயர் கரண்டி. குழம்பை அள்ளினால் கரண்டியின் விளிம்புக்கு மேல் ஒரு சொட்டு நிற்கவிட மாட்டார், விரலால் வழித்துச் சட்டிக்கே திருப்பிவிடுவார். அதனால் வந்த பட்டம். கப்பலுக்கு வந்த கதையையும் அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். முந்நூறு பேருக்குச் சமைத்த அனுபவம் உண்டு என்று அதிகாரியிடம் அடித்துவிட்டார். உண்மையில் ஒரு மாணவர் விடுதியில் முந்நூறு தட்டு கழுவிய அனுபவம்தான் இருந்தது. கப்பல் கரையை விட்ட அன்று வாளியைக் கட்டிக்கொண்டு படுத்தவர் ஒன்பது நாள் எழுந்திருக்கவில்லை. அந்த ஒன்பது நாளும் கப்பலே ரொட்டியும் ஜாமும் தின்றது. பத்தாம் நாள் அவர் எழுந்து சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, மறுபடி ரொட்டியும் ஜாமுமே கொடுக்கச் சொல்லிக் கேட்டவர்களும் இருந்தார்கள்.

முதல் பயணத்திலேயே இன்னொரு கூத்தும் நடந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு துறைமுகத்தில் கம்பெனியின் ஆள் தபால் பையோடு ஏறி வந்தான். மனைவியிடமிருந்து ஒன்பது கடிதங்கள். கரண்டியார் மாவு மூட்டையில் சாய்ந்துகொண்டு ஒன்பதையும் அரை மணி நேரத்தில் கிழித்துப் படித்து முடித்துவிட்டார். அடுத்த துறைமுகத்துக்கு ஐம்பத்திரண்டு நாள். அந்த ஐம்பத்திரண்டு நாளும் அதே ஒன்பது கடிதங்களை மடிப்பு கிழியும்வரை படித்தார். நாலாவது கடிதத்தில் குழாய் ஒழுகுகிறது என்று இருந்தது. மனப்பாடமான பிறகும் அது ஒழுகிக்கொண்டேதான் இருந்தது.

அப்போதுதான் அவருடைய மூளை வேலை செய்தது. உருளைக்கிழங்கை இத்தனை நாளுக்கு இத்தனை என்று பிரிக்கிறவன் கடிதத்தைப் பிரிக்கத் தெரியாமல் போனேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த துறைமுகத்திலிருந்து சட்டம் வந்தது. வந்த கடிதங்கள் அத்தனையும் பிஸ்கட் டின்னுக்குள் போகும். டின் சரக்கறைக்குள் போகும். சாவி இடுப்பில். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

அவருடைய மனைவி தையற்காரி. வீட்டின் முன்னறையில் ஒரு மிஷின், ஒரு கண்ணாடி, ஒரு திரை, அவ்வளவுதான் கடை. துணியை அடுக்கி வைத்து ஒரே வெட்டில் இருபது கை வெட்டுகிற பெண்மணி கடித விஷயத்திலும் அப்படித்தான். அவர் புறப்படுவதற்கு முன்பே நாற்பது உறைகளை எடுத்து, நாற்பதிலும் முகவரி எழுதி, மூலையில் வரிசை எண் போட்டு அடுக்கி வைத்துவிடுவாள். வாரம் ஒன்றை எடுத்து உள்ளே தாளைச் செருகி ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. தாளும் தனியாக வாங்க மாட்டாள். வாடிக்கையாளர்களின் அளவு எழுதுகிற சீட்டில் ஒரு பக்கம் அளவு இருக்கும், தைத்து முடித்த பிறகு மறுபக்கம் புருஷனுக்கு.

கடிதம் என்றால் நாலைந்து வரி. "குழாய் ஒழுகுகிறது. ஆள் வந்து பார்த்தான். இப்போது கூடுதலாக ஒழுகுகிறது. நான் நலம்." ஒரு தடவை ஊருக்கு வந்திருந்தபோது, "கொஞ்சம் அன்பா எழுதினா என்ன?" என்று இவர் கேட்டுவிட்டார். அடுத்த கடிதத்தில் 'அன்புள்ள' என்பதன் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. மற்றபடி குழாய்தான்.

"என் பொண்டாட்டிக்குக் கதை கட்டத் தெரியாதுய்யா. நடந்ததுதான் எழுதுவா. நடக்காததை எழுதச் சொன்னா பேனாவே ஓடாது," என்று கப்பலில் பெருமையாகவும் சொல்வார், குறையாகவும் சொல்வார்.

கடிதம் பொதுச்சொத்தானது ஃபிட்டரால். இயந்திர அறையில் வேலை செய்கிற அந்த மனிதருக்குக் கடிதம் போட யாரும் கிடையாது. தபால் பை வருகிற அன்று மட்டும் அவருக்கு ஏதாவது ஒரு குழாயை அவசரமாகக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீர் கேட்டு வந்தவர், சமையலறை முக்காலியில் கரண்டியார் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அங்கேயே நின்றார்.

"என்னண்ணே, நல்ல சேதியா?"

"குழாய்க்கு வந்த ஆள் சுத்தியலை எங்க வீட்டிலேயே மறந்து வச்சிட்டுப் போயிட்டானாம். கேக்க வந்தவன் மறுபடியும் குழாயைப் பார்த்தானாம். இப்ப ரெண்டு இடத்துல ஒழுகுதாம்."

ஃபிட்டர் தாளை வாங்கி ஒரு தரம் படித்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். தோள் பத்தொன்பது, இடுப்பு நாற்பத்தாறு, கை நீளம் இருபத்தொன்று.

"யாருண்ணே இது, இவ்வளவு பெரிய இடுப்பு, இவ்வளவு குட்டைக் கை?"

கரண்டியாருக்கு எப்படித் தெரியும். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கூடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்து குட்டைக்கை ஆசாமி என்ன வேலை செய்வார் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த வாரம் பன்னிரண்டு பேர். தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவரான மேஸ்திரி, யாரையும் பார்த்துச் சிரித்தறியாதவர், அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தங்கள் வீட்டுக் கடிதங்களை அவரவர் படுக்கையில் குப்புறப் படுத்துக்கொண்டு படிப்பார்கள். அதில் பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கும், மாமியார் சண்டை இருக்கும். கரண்டி வீட்டுக் கடிதத்தில் யாருக்கும் வலிக்கிற மாதிரி எதுவும் இராது. அதனால் அது எல்லோருக்கும் வேண்டியிருந்தது. யாரும் முன்கூட்டிப் பிரிக்கக் கூடாது, கரண்டியே ஆனாலும் கூடாது என்று மேஸ்திரி சட்டம் போட்டார். கரண்டியாருக்குத் தலைகால் புரியவில்லை. சமைத்ததற்கு இதுவரை ஒருத்தரும் கைதட்டியதில்லை.

இப்படியாகப் பதினாறு வருஷம் ஓடியது. கப்பல் மாறினாலும் மேஸ்திரியும் ஃபிட்டரும் பெரும்பாலும் கூடவே இருந்தார்கள், டின்னும் கூடவே இருந்தது.

அந்தப் பயணத்தில் முதல் துறைமுகத்தில் ஏழு கடிதங்கள் வந்தன. ஒன்று முதல் ஏழு வரை, வரிசை எண் பிசகாமல். கம்பெனி அலுவலகத்திலிருந்து கப்பல் எந்தத் தேதியில் எங்கே நிற்கும் என்பதை அவள் விசாரித்து வைத்துக்கொள்வாள், அதற்கேற்பக் கடிதம் போய்ச் சேரும். அடுத்த தபால் இரண்டு மாதம் கழித்துத்தான். டின் மூடியைத் தட்டி, "ஏழு ஞாயிறு தாங்கும்," என்று அறிவித்தார் கரண்டியார்.

முதல் மூன்றும் வழக்கம்போல. மூன்றாவது வாரத்தில் எண்ணெய் நிரப்ப ஒரு துறைமுகத்தில் ஒரு பகல் நின்றார்கள். கரண்டியார் கரையில் இறங்கி வெங்காயம் வாங்கினார். வெயில் சுள்ளென்று அடித்ததால், தெருவில் இருந்த தந்தி அலுவலகத்தின் வாசல் நிழலில் மூட்டையை இறக்கி, அழுகலைப் பொறுக்கி எறிந்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினார். அந்த நிழல் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

நாலாவது ஞாயிறு, பதினாலாம் தேதி, டின்னிலிருந்து நாலாவது கடிதம் வெளியே வந்தது. வழக்கத்துக்கு மாறாக இரண்டு சீட்டு நிறைய எழுதியிருந்தாள். விஷயம் குட்டைக்கை ஆசாமியைப் பற்றியது. அவர் மகள் கல்யாணத்துக்குக் கோட்டு தைக்கச் சொல்லியிருக்கிறார். தைக்க உட்கார்ந்தால் அளவுச் சீட்டைக் காணோம். அதன் பின்பக்கத்தில் கடிதம் எழுதி அவள் எப்போதோ கப்பலுக்கு அனுப்பிவிட்டிருந்தாள். மறுபடி அளவெடுக்கக் கூப்பிட வெட்கம். கண் மதிப்பில் தைத்துவிட்டாள். அவர் வந்து போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். கோட்டு இருக்கிறது, கையைக் காணோம். விரல் நுனிகூட வெளியே வரவில்லை. இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தார். இரண்டும் மடிந்து தொங்கின. "என் கை எங்கேம்மா?" என்று கேட்டிருக்கிறார். "கப்பலில் இருக்கிறது," என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

சாப்பாட்டுக்கூடத்தில் இருபத்தெட்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஒரு தட்டு கீழே விழுந்து உருண்டது. ஃபிட்டர் ஓடிப்போய் டின்னின் அடியில் சேர்ந்திருந்த பழைய கடிதங்களைக் கிளறி, அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து, "இருபத்தொண்ணு! இருபத்தொண்ணு! கை இங்கதான் இருக்கு!" என்று எல்லோருக்கும் காட்டினார். மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் படிய்யா," என்றார். கரண்டியார் எழுந்து நின்று, கோட்டுக் கையைத் தொங்கவிட்டு நடித்துக் காட்டி, இன்னொரு தரம் படித்தார். அவருடைய கப்பல் வாழ்க்கையிலேயே அதைவிடப் பெரிய நாள் இல்லை என்று அன்றைக்கு நினைத்தார். அந்த நினைப்பை இப்போது சொல்லும்போது கன்னத்தில் லேசாகப் போட்டுக்கொள்வார்.

ஏழாவது ஞாயிறு வந்தது. கடைசிக் கடிதம். கோட்டு என்ன ஆயிற்று என்று ஐந்தாவதிலும் ஆறாவதிலும் ஒரு வரிகூட இல்லாததால் எல்லோரும் இதைத்தான் நம்பியிருந்தார்கள். கரண்டியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, சிரிக்க வைக்கிற குரலில் ஆரம்பித்தார்.

"'அன்புள்ளவருக்கு. வயிற்றில் ஒரு கட்டி இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். எடுத்துவிட வேண்டுமாம். பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை காலை ஆபரேஷன்.'"

நாலைந்து பேர் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்துகொண்டிருந்தார்கள். குரல் அதன் போக்கில் இன்னும் ஒரு வரி ஓடிவிட்டுத்தான் நின்றது. மீதியை அவர் மனதுக்குள் படித்தார். முந்தின நாள் மத்தியானமே போய்ச் சேர வேண்டும். தங்கை கூட இருப்பாள். கட்டி எப்படிப்பட்டது என்பது எடுத்த பிறகுதான் தெரியும். குழாய் சரியாகிவிட்டது. நான் நலம்.

ஃபிட்டர் பழக்க தோஷத்தில் தாளை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பதினாறு வருஷத்தில் பின்பக்கம் வெறுமையாக ஒரு கடிதம் வந்ததில்லை.

"இன்னைக்கு என்ன தேதி?" என்று மேஸ்திரி கேட்டார்.

சுவரில் சமையல் பட்டியல் பலகை தொங்கியது. தேதி போட்டு, என்ன சமையல் என்று எழுதுவது கரண்டியாரின் வேலை. நாலாந்தேதி. ஆபரேஷன் முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது. முடிந்ததோ, என்ன ஆனதோ. அவள் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்த நாளன்று அவர் இதே கூடத்தில் கையைத் தொங்கவிட்டு ஆடிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின வாரம் தந்தி அலுவலகத்தின் வாசலில் நின்று வெங்காயம் பொறுக்கினார். கடிதம் அப்போதும் டின்னில்தான் இருந்தது. முதல் நாளே கையை விட்டு எடுத்திருந்தால் போதும். ஆண்டவன் கொடுத்த அறிவை உருளைக்கிழங்குக்கு மட்டும் பயன்படுத்தியிருக்க வேண்டும், மூட்டை மூட்டையாகப் பங்கு போட்ட கை அங்கேயே நின்றிருக்க வேண்டும் என்று தோன்றியது.

ரேடியோக்காரர் உடனே தந்தி கொடுக்க ஒப்புக்கொண்டார். என்ன எழுதுவது என்று தெரியாமல் கரண்டியார் முழுத் தாளையும் நிரப்பினார். ரேடியோக்காரர் அதைப் பொறுமையாகக் குறைத்து, 'எப்படி இருக்கிறாய்' என்று இரண்டே சொல்லாக்கி அனுப்பினார். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அது மனைவியிடமிருந்து வரவில்லை. பெறுபவர் இல்லை, வீடு பூட்டியிருக்கிறது என்று தபால் நிலையம் சொல்லியிருந்தது.

அடுத்த தபாலுக்கு இன்னும் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாள் அவர் எப்படிச் சமைத்தார் என்பது அவருக்கே தெரியாது. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டார். ரொட்டியில் போடவே இல்லை. ஒரு தலைமயிர் கிடந்தாலே தட்டைத் தூக்கிக்கொண்டு கேப்டனிடம் போகிற ஆட்கள், வாயை மூடிக்கொண்டு தின்றார்கள். மேஸ்திரி உப்புக் கரித்த குழம்பை மறுபடி ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்போது கரண்டியார் விளிம்பை வழிக்காமல் ஊற்றியதை எல்லோரும் கவனித்தார்கள்.

துறைமுகம் வந்தது. கம்பெனி ஆள் பையோடு ஏறினான். கரண்டியார் பெயருக்கு ஆறு கடிதங்கள், எட்டிலிருந்து பதின்மூன்று வரை. ஆறு உறையிலும் மனைவியின் கையெழுத்து. மற்ற ஆள் என்றால் அதைப் பார்த்தே மூச்சு விட்டிருப்பான். நாற்பது உறைக்கும் முன்கூட்டியே முகவரி எழுதுகிறவளைக் கட்டிக்கொண்டவருக்கு அந்த நிம்மதியும் கிடையாது. உள்ளே யார் எழுதினார்கள் என்பது பிரித்தால்தான் தெரியும்.

அவர் ஆறையும் எடுத்துக்கொண்டு சரக்கறைக்குப் போய் மாவு மூட்டையில் உட்கார்ந்தார். பின்னாலேயே மேஸ்திரியும் ஃபிட்டரும் வந்தார்கள்.

"பிரிய்யா," என்றார் மேஸ்திரி.

"ஞாயித்துக்கிழமைன்னு ஒரு சட்டம் இருக்குல்ல."

"சட்டம் போட்டவன் நான். பிரி."

"இல்ல, வரிசைப்படி எட்டாவதுலேருந்து..."

"யோவ், கடைசியை எடு."

கரண்டியாரின் கை எழவில்லை. சட்டமும் வரிசையும் பேசிய வாய்க்குப் பின்னால் இருந்தது வெறும் பயம். அது மூட்டைக்குக்கூடத் தெரிந்திருக்கும். கையில் கடிதம் இருந்தும் பிரிக்காதவனாக முதலில் முட்டாள்தனத்தால் ஆனார், இப்போது கோழைத்தனத்தால் ஆனார். கடைசியில் பதின்மூன்றாவதை எடுத்து ஃபிட்டரிடம் நீட்டினார். தனக்கென்று ஒரு கடிதமும் வராத அந்த மனிதர் உறையை மெதுவாகக் கிழித்து, தாளை உருவி, எழுத்துப் பக்கத்தைப் பார்க்காமல் முதலில் திருப்பினார்.

"தோள் பதினாறு," என்றார். "இடுப்பு முப்பத்திரண்டு. கை இருபத்திமூணு. புது ஆளு அண்ணே. இதுவரைக்கும் வராத ஆளு." தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "தேதி போட்டிருக்கு. எட்டு நாள்தான் ஆகுது. அண்ணி கையெழுத்து. அண்ணி தைக்க ஆரம்பிச்சுட்டாங்க."

கரண்டியார் மாவு மூட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். நிமிர்ந்தபோது மூக்கு, புருவம் எல்லாம் வெள்ளை. மேஸ்திரி அதைப் பார்த்தும் சிரிக்கவில்லை. அப்புறம் பல வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பதின்மூன்றாவதில் நாலு வரி. கட்டி சாதாரணக் கட்டிதான், பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இத்தனை நாள் தங்கை வீட்டில் இருந்துவிட்டு நேற்று வீட்டுக்கு வந்தேன். மிஷினை மிதிக்கக் கூடாதாம், தங்கை மிதிக்கிறாள், நான் துணியைத் தள்ளுகிறேன். நான் நலம். அந்த 'நான் நலம்' என்பதை அவர் பதினாறு வருஷமாகக் கையெழுத்துப் போல நினைத்துத் தாண்டிப் போயிருந்தார். அன்றைக்கு அதில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

மீதி ஐந்தையும் அங்கேயே பிரித்தார்கள். பத்தாவது தங்கையின் கையெழுத்தில் இருந்தது. "அத்தானுக்கு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா கண் விழித்ததும் தந்தி ஏதாவது வந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். சரி என்று சொல்லித் தூங்கிவிட்டாள். மறுபடி கேட்கவில்லை."

பதினோராவது மனைவியுடையது. எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது, படுத்துக்கொண்டு எழுதியிருக்க வேண்டும்.

"நீங்கள் எப்படியும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாகத்தான் பிரிப்பீர்கள். டாக்டர் தேதி சொன்னபோது மூன்று கடிதம் தபாலில் போட்டாயிற்று. கணக்குப் போட்டேன். நாலாவதை நீங்கள் படிப்பது நான் ஆஸ்பத்திரியில் சேருகிற ஞாயிறு. ஏழாவதைப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும், சீக்கிரத்தில் அடுத்த தபாலும் கிடைத்துவிடும், ரொம்ப நாள் கவலைப்பட வேண்டாம். அதனால் ஆபரேஷனை ஏழாவதில் வைத்தேன். நாலாவதில் கோட்டுக் கதையை வைத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கோட்டு அவருக்கு அளவாக இருந்தது, அவர் நல்ல மனுஷர். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. பக்கத்துக் கட்டில்காரியிடம், இந்நேரம் நடுக்கடலில் இருபத்தெட்டு பேர் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. நான் நலம்."

கதை கட்டத் தெரியாதவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அந்தக் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார். தன் சட்டம், தன் டின், தன் சாவி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அவள் கைக்குள் இருந்திருக்கிறது. இன்ன வாரம் சிரிப்பான், இன்ன வாரம் அழுவான் என்று வெட்டித் தைத்து அனுப்பியிருக்கிறாள். தந்தி வராது என்று கணக்குப் போட்டவளும் அவள்தான். கண் விழித்ததும் தந்தி வந்ததா என்று கேட்டவளும் அவள்தான். அந்த இரண்டையும் அவரால் இன்றுவரை ஒன்றுசேர்த்து விழுங்க முடியவில்லை. அதைச் சொல்லும் இடத்தில் மட்டும் அவர் வேடிக்கை பேசுவதில்லை.

ஒன்றை மட்டும் அவர் மனைவியிடம் சொல்லவே இல்லை. அங்கே மூன்று மணி என்றால் கப்பல் கடிகாரத்தில் காலை எட்டு. அவள் அப்படிச் சொன்ன நேரத்தில் இருபத்தெட்டு பேரும் முட்டை வேகவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கரைக்கு ஓடி ஒரு தந்தி கொடுத்தார். இந்தத் தடவை குறைக்க ரேடியோக்காரர் பக்கத்தில் இல்லாததால் அது நீளமாகவே போனது.

அன்றோடு சட்டம் செத்தது என்று நினைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் சாப்பாட்டுக்கூடத்தில் நாற்காலிகள் இழுபட்டன. எல்லாரும் வந்து உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஆறையும் பிரித்தாகிவிட்டது என்பது இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. கரண்டியார் சரக்கறைக்குள் போய் மைதாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் காட்டிப் பசை கிண்டினார். எட்டாவது உறையை ஒட்டி, ஊதிக் காயவைத்து, டின்னில் போட்டு, டின்னைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, எல்லோர் கண்முன்னாலும் பூட்டைத் திறந்தார்.

அதற்குப் பிறகு மிச்சமிருந்த பதினைந்து வருஷமும் அப்படித்தான். தபால் வந்த அன்றே சோற்றுப் பானை ஆவியில் உறைகளைக் காட்டிப் பிரிப்பார், எல்லாவற்றையும் நின்றுகொண்டே படிப்பார், பதில் எழுதுவார், பசை போட்டு ஒட்டுவார். ஞாயிற்றுக்கிழமை அன்றைக்குத்தான் முதன்முறையாகப் படிக்கிறவர் போல இடம் பார்த்துச் சிரிப்பார், இடம் பார்த்துத் திடுக்கிடுவார். ஆரம்பத்தில் நடிப்பு சுமார்தான். ஒரு தடவை உறையைப் பிரிப்பதற்கு முன்பே சிரித்துவிட்டார். உறைகள் மொடமொடவென்று கெட்டியாக இருப்பதை ஆட்கள் கண்டுபிடித்து ரொம்ப நாள் ஆகிவிட்டது என்பது அவர் ஓய்வு பெறும்போதுதான் தெரிந்தது. மேஸ்திரி ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. பசை மட்டும் கொஞ்சம் இளக்கமாக இருக்கட்டும் என்று ஒரு நாள் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆபரேஷன் நடந்த அந்தப் பயணத்திலேயே மூன்றாவது தபாலும் வந்தது. கரண்டியார் அடுப்பில் உலையை வைத்துவிட்டு ஏணிப்படிக்கே ஓடினார். பையிலிருந்து தன் கட்டை உருவி, வரிசை எண் பார்த்து, எல்லாவற்றுக்கும் கடைசியான இருபத்தொன்றாவதை எடுத்து, ஆவிக்குக்கூடக் காட்டாமல் அங்கேயே நின்று கிழித்தார்.

"முதலில் இதைத்தான் பிரிப்பீர்கள் என்று தெரியும்," என்று எழுதியிருந்தாள். "எல்லாரும் நன்றாக இருக்கிறோம். நான் நலம். போய் உலையைப் பாருங்கள்."